மண்ணின் மூச்சு: பொக்ரானிலிருந்து கொக்கிளாய் வரை

1998ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி மாலை, இந்தியப் பிரதமர் வாஜ்பாயி புதுடில்லியில் செய்தியாளர்கள் முன் தோன்றி, இராஜஸ்தான் பாலைவனத்திலுள்ள பொக்ரானில் மூன்று நிலக்கீழ் அணுப் பரிசோதனைகள் நடத்தப்பட்டுவிட்டன என்று அறிவித்தார். அந்நாளில் நான் தமிழ் நாளிதழொன்றின் ஆசிரிய பீடத்தில் பணிபுரிந்துகொண்டிருந்தேன். வன்னியில் 'ஜயசிக்குறு' படை நடவடிக்கை ஓராண்டை நிறைவு செய்வதற்கு இன்னும் இரண்டு நாட்களே இருந்தன. ஏ-9 வீதியில் எந்தப் படை எத்தனை மீற்றர் முன்னேறியது என்பதே எங்கள் முதற்பக்கச் செய்தியாக இருந்த காலம். அன்றிரவு மட்டும் பொக்ரான் மேலே ஏற, வன்னி கீழே இறங்கியது.

அந்தச் செய்தியில் தமிழர்களுக்குத் தனியான ஓர் ஈடுபாடும் இருந்தது. பரிசோதனைக்குத் தலைமை தாங்கிய இருவரும் தமிழர்கள். ஒருவர் தலைமன்னாரிலிருந்து கூப்பிடு தூரம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம். மற்றவர் அப்போது இந்திய அணுசக்தி ஆணைக்குழுவின் தலைவராக இருந்த, சென்னையிற் பிறந்த இராஜகோபால சிதம்பரம். இந்தப் பெருமையை எழுதிய அளவுக்கு, அடுத்து நடந்ததை எங்கள் பத்திரிகைகள் எழுதவில்லை. மே 13ஆம் திகதி மேலும் இரண்டு சிறிய பரிசோதனைகளை நடத்தியதாக இந்தியா அறிவித்தது. 11ஆம் திகதிய அதிர்வை உலகெங்கும் உள்ள நில அதிர்வு நிலையங்கள் தெளிவாகப் பதிவு செய்திருந்தன. 13ஆம் திகதிய வெடிப்புகளையோ அவை கேட்கவே இல்லை. எல்லைக்கு அப்பால், பாகிஸ்தானின் நிலோரில் இருந்த உணர்திறன் மிக்க நிலையம்கூட அந்த நேரத்தில் மௌனமாகவே இருந்தது.

செய்தவரே சொன்னதனால் அது செய்தியானது. செய்தவர் சொல்லாதிருந்தால்? 'நாங்கள் செய்யவில்லை' என்று மறுத்திருந்தால்? நிலத்துக்குக் கீழே நடந்த ஒன்றை, நிலத்துக்கு மேலே நிற்பவர் எவ்வாறு நிரூபிப்பது? பத்திரிகைத் தொழிலில், அதுவும் வன்னிச் செய்திகளோடு காலம் கழித்த ஒருவனுக்கு, இது வெறும் பௌதிகவியல் வினா அல்ல. இந்த வினாவைத் துரத்திக்கொண்டு பல ஆண்டுகளாக வாசித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். நான் கலைப் பட்டதாரி. ஆகவே விஞ்ஞானம் கற்ற வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

அணுப் பரிசோதனையை மண்ணுக்குள் புதைக்கும் வழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது. 1957 செப்டெம்பர் 19ஆம் திகதி, நெவாடா மாநிலத்தில், 'ரெய்னியர்' என்று பெயரிடப்பட்ட குண்டு ஒரு மலையின் உள்ளே வெடிக்க வைக்கப்பட்டது. வெடிப்பின் கழிவுகள் முழுவதும் மலைக்குள்ளேயே அடங்கிவிட்டன. 1963ஆம் ஆண்டின் பகுதித் தடை உடன்படிக்கை ஆகாயத்திலும் விண்வெளியிலும் கடலிலும் பரிசோதனை செய்வதைத் தடுத்தது. நிலத்தின் கீழ் செய்வதை மட்டும் அது விட்டுவைத்தது. அதற்கு ஒரு முக்கிய காரணம், நிலத்தின் கீழ் நடப்பதை நம்பகமாகக் கண்டறிய முடியுமா என்பதில் வல்லரசுகளுக்கிடையே உடன்பாடு ஏற்படாமையே. சான்று சொல்ல வழியில்லாத இடத்தில் சட்டம் போட எவரும் முன்வரவில்லை.

நில அதிர்வைக் கொண்டு வெடிப்பையும் பூகம்பத்தையும் பிரித்தறிய முடியும். பூகம்பத்தில் பாறைகள் ஒன்றோடொன்று உராய்ந்து வழுக்குகின்றன. வெடிப்போ எல்லாத் திசைகளிலும் ஒரே வேளையில் வெளிநோக்கித் தள்ளுகிறது. இரண்டும் வரையும் கோடுகள் வேறு. ஆனால், அது அணு வெடிப்பா அல்லது சுரங்கத்தில் வைத்த சாதாரண வெடிமருந்தா என்பதை அதிர்வு சொல்லாது. அதைச் சொல்லக்கூடியது வாயு மட்டுமே.

அணு பிளவுபடும்போது தோன்றும் நூற்றுக்கணக்கான பொருட்களில் பெரும்பாலானவை பாறையோடு உருகிக் கலந்து அங்கேயே கிடந்துவிடுகின்றன. சடத்துவ வாயுக்கள் என்று நாம் பாடசாலையிற் படித்தவை மட்டும் எதனோடும் சேராதவை. செனன் அவற்றுள் ஒன்று. பாறையின் வெடிப்புகளூடாகவும் மண்ணின் துளைகளூடாகவும் அது மெல்ல மெல்ல மேலே வந்துவிடுகிறது. 2006 ஒக்டோபர் 9ஆம் திகதி வடகொரியா தனது முதலாவது பரிசோதனையை நடத்தி ஏறத்தாழ இரண்டு வாரங்களின் பின்னர், ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், கனடாவின் யெலோநைஃப் நிலையத்தில் செனன்-133 அகப்பட்டது. 2009இல் வடகொரியாவின் இரண்டாவது பரிசோதனையின் அதிர்வு தெளிவாகக் கேட்டது, ஆனால் செனன் எங்குமே அகப்படவில்லை. 2013 பெப்ரவரியில் மூன்றாவது. அம்முறை 55 நாட்கள் கழித்து ஜப்பானின் தகசாகியில் வாயு பிடிபட்டது. மலை எவ்வளவு இறுக்கமாக வாயை மூடிக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது எல்லாம்.

இவ்விடத்தில் கதையைச் சற்றுப் பின்னோக்கித் திருப்ப வேண்டியிருக்கிறது. மண்ணிலிருந்து கதிர்த்தொழிற்பாடுடைய வாயு ஒன்று கசிய முடியும் என்ற அறிவே தோரியத்திலிருந்துதான் முதலில் வந்தது. (கதிர்த்தொழிற்பாடு என்பதைத் தமிழக வாசகர்கள் கதிரியக்கம் என்பார்கள்.) 1899ஆம் ஆண்டளவில் கனடாவின் மொன்றியலில் பணியாற்றிய இரதர்போட், தோரியச் சேர்வைகளிலிருந்து ஏதோ ஒன்று காற்றோடு அடித்துச் செல்லப்படுவதைக் கண்டார். அதற்கு 'வெளிப்பாடு' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். இன்று அதனைத் தோரன் என்கிறோம். யுரேனியத்தின் வழியில் பிறக்கும் றேடனின் உடன்பிறப்பு அது.

அதன் பின்னர் ஐந்தாண்டுகளுக்குள் இக்கதையில் இலங்கை நுழைகிறது. நுழைய வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. அவரைக் கலை வரலாற்றறிஞராக, சிவ தாண்டவத்துக்கு விளக்கம் எழுதியவராக மட்டுமே நாம் நினைவிற் கொள்கிறோம். சேர் முத்து குமாரசுவாமியின் மகனான அவர் இங்கிலாந்தில் வளர்ந்து, புவிச்சரிதவியல் பயின்று, 1903இல் இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்தின் முதலாவது பணிப்பாளராக வந்தார். சப்பிரகமுவவின் பலாங்கொடைப் பகுதியில், இரத்தினக்கல் அகழ்வோரின் சரளையில் அகப்பட்ட கறுத்த, கனமான சிறு கனசதுரப் பளிங்குகள் அவருடைய கவனத்துக்கு வந்தன. இலண்டனின் இம்பீரியல் நிறுவகத்தில் டன்ஸ்ரன் அவற்றைப் பகுத்தாராய்ந்தபோது, பெரும்பகுதியும் தோரியம் ஒட்சைட்டாலான புதிய கனிப்பொருள் அது என்பது தெரியவந்தது. 1904இல் அதற்குத் தோரியனைற் என்று பெயரிடப்பட்டது.

அந்தத் தோரியனைற்றில் ஒரு பகுதி இலண்டன் யுனிவர்சிற்றிக் கல்லூரியில் சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தை அடைந்தது. சடத்துவ வாயுக்களைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றவர் ராம்சே. செனனுக்கும் ஆகனுக்கும் பெயர் வைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். அவரிடம் அப்போது ஆங்கிலம் பழகும் நோக்கோடு ஓர் இளம் ஜேர்மன் இரசாயனவியலாளர் வந்து சேர்ந்திருந்தார். சேதன இரசாயனம் படித்தவர், கதிர்த்தொழிற்பாடு பற்றி எதுவும் அறியாதவர். இலங்கைக் கனிப்பொருளிலிருந்து பெறப்பட்ட உப்பிலிருந்து ரேடியத்தைப் பிரித்தெடுக்கும் வேலையை ராம்சே அவரிடம் கொடுத்தார். அவரோ எவரும் எதிர்பாராத புதிய பொருளொன்றைக் கண்டார். 1905இல் அது ரேடியோதோரியம் என்று அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் போல்ற்வூட் அதனை முதலில் ஏளனம் செய்தார், இரதர்போட்டும் நம்பத் தயங்கினார் என்பது அக்காலக் கடிதங்களிலிருந்து தெரிகிறது. அந்த இளைஞர் மொன்றியலுக்கே சென்று இரதர்போட்டிடம் பணியாற்றி அவரை நம்பவைத்தார்.

அவருடைய பெயர் ஓட்டோ ஹான். 1938 டிசெம்பரில் பேர்லினில், ஸ்ட்ராஸ்மானோடு சேர்ந்து யுரேனியம் இரண்டாகப் பிளவுபடுவதைக் கண்டவர் அவரே. பலாங்கொடைக் கற்கள் இல்லாவிடினும் அணு பிளவுபட்டுத்தான் இருக்கும், ஐயமில்லை. எனினும், தொழிற்சாலையொன்றில் சாய இரசாயனவியலாளராக முடிந்திருக்கக்கூடிய ஒரு மனிதனை அணுவின் பக்கம் திருப்பிய கல், ஒரு தமிழரின் கைவழியாக இலங்கையிலிருந்து போனது. குமாரசுவாமியைப் பற்றி எத்தனையோ நினைவுப் பேருரைகள் நடக்கின்றன. இந்தப் பகுதியை எவரும் பேசக் கேட்டதில்லை.

இனி மண்ணின் மூச்சுக்கு வருவோம்.

வன்னியில் கிணறு வெட்டுகிறவர்கள், நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றுக்குள் இறங்குமுன் அரிக்கன் லாம்பை முதலில் இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே நச்சுக் காற்று. மண்ணின் துளைகளுக்குள் இருக்கும் காற்று, வெளிக் காற்றிலிருந்து வேறானது. அந்தக் காற்று ஓரிடத்தில் உறைந்து கிடப்பதுமில்லை. வெளியே அமுக்கம் குறைந்தால் நிலத்தடி வாயு மேலே இழுக்கப்படுகிறது, கூடினால் உள்ளே தள்ளப்படுகிறது. புயலுக்கு முன்னர் சில கிணறுகளிலும் பாறை வெடிப்புகளிலும் காற்று வீசுவதை உலகின் பல பாகங்களிலும் கிராமத்து மக்கள் அவதானித்திருக்கிறார்கள்.

இந்த மூச்சைக் கணக்கிட்டுப் பார்க்கும் பரிசோதனை ஒன்று 1993 செப்டெம்பரில், ரெய்னியர் வெடித்த அதே நெவாடாவில் நடந்தது. ஏறத்தாழ 400 மீற்றர் ஆழத்தில், அணுகுண்டுக்குப் பதிலாக ஒரு கிலோதொன் அளவு சாதாரண வெடிமருந்து வெடிக்க வைக்கப்பட்டது. அதனோடு இரண்டு அடையாள வாயுக்களும் புதைக்கப்பட்டன. ஒன்று ஹீலியம்-3, மிக இலேசானது. மற்றது கந்தக எக்சாபுளோரைட்டு, மிகக் கனமானது. இலேசானதே முதலில் மேலே வரும் என்று நானும் நீங்களும் சொல்வோம். நடந்தது நேர்மாறு. கனமான வாயு 50 நாட்களில் மேலே வந்தது, இலேசான ஹீலியம் வர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஹீலியம் வழியெங்கும் பாறையின் நுண்துளைகளுக்குள் பரவித் தங்கித் தங்கி வர, கனமான வாயு வெடிப்புகளின் வழியே நேராக ஏறிவந்துவிட்டது. இரண்டையும் ஏற்றியது தாழமுக்கமே. வெடிப்பு நடந்தவுடன் புயற்காலம் வந்ததனால்தான் 50 நாட்களில் வந்ததென்று 1996இல் அந்த ஆய்வை வெளியிட்ட கரிகனும் அவரது குழுவினரும் எழுதினார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு இலங்கை வானொலியின் வானிலை அறிக்கைதான் நினைவுக்கு வந்தது. 'வங்காள விரிகுடாவில் தாழமுக்கம்' என்ற சொற்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அயன மண்டலத்தில் அமுக்கம் நாளொன்றுக்கு இரு தடவை ஒழுங்காக ஏறி இறங்குகிறது: காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம், அதிகாலை நான்கிலும் மாலை நான்கிலும் தாழ்வு. வன்னி மண் இவ்வாறு தினமும் சிறு மூச்சு விடுகிறது. பெருமூச்சு வருவது கார்த்திகை, மார்கழிப் புயல்களின்போது. ஆனால் அதே புயல் கொட்டும் மழை மண்ணின் துளைகளை நீரால் அடைத்துவிடுகிறது. ஆடி, ஆவணியில் வயல்கள் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும்போது வழி திறந்திருக்கும், இழுப்பதற்குப் புயல் இராது. 2008 நவம்பரில் 'நிஷா' புயலின் மழையில், போரால் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டில்களில் இருந்த மக்களைச் சுற்றி வன்னியே ஏரியாகிக் கிடந்தது. அந்த நாட்களில் நிலத்தடி வாயுவை அளக்க முயன்றிருந்தால் கருவிக்குச் சேறும் தண்ணீருமே கிடைத்திருக்கும்.

செனன்-133 ஐந்து நாட்களுக்கு ஒரு முறை அரைவாசியாகக் குறைந்துவிடுகிறது. பரிசோதகர்கள் அனுமதி பெற்று, விமானம் ஏறி, இடத்தை அடைவதற்குள் சான்றின் பெரும்பகுதி மறைந்துவிடும். அதனால் விஞ்ஞானிகள் ஆகன்-37 என்ற வாயுவை நாடுகிறார்கள். (ஆகன் என்பதைத் தமிழகத்தில் ஆர்கான் என்று எழுதுவர்.) அதன் அரைவாழ்வுக் காலம் 35 நாட்கள். அது பிறக்கும் விதம் சுவையானது. வெடிப்பிலிருந்து பாயும் நியூத்திரன்கள், சுற்றியுள்ள பாறையின் கல்சியத்தைத் தாக்குகின்றன. தாக்கப்பட்ட கல்சியம் ஆகனாக மாறுகிறது. குண்டு எதனால் செய்யப்பட்டது என்பது இங்கு பொருட்டல்ல, புதைக்கப்பட்ட மண்ணே சாட்சியாக மாறுகிறது.

ஆனால் இந்தச் சாட்சிக்கு ஒரு குறை உண்டு. குண்டு இல்லாமலும் மண் இதே வாயுவை உண்டாக்கிக்கொண்டுதான் இருக்கிறது. விண்ணிலிருந்து இடையறாது பொழியும் அண்டக் கதிர்களால் பிறக்கும் நியூத்திரன்கள், மேல்மண்ணின் கல்சியத்தைத் தாக்கி ஆகன்-37ஐ உருவாக்குகின்றன. சுவிற்சர்லாந்தின் பேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றீட்மனும் பூர்ட்ஷேர்ட்டும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இயற்கை அளவை மண்வாயுவில் நேரடியாக அளந்து காட்டியது. மேற்பரப்பில் அது உடனே காற்றோடு கலந்துவிடுகிறது, மிக ஆழத்துக்கு அண்டக் கதிர் எட்டுவதில்லை. இடையே, ஓரிரு மீற்றர் ஆழத்தில்தான் அது செறிந்திருக்கிறது. பரிசோதகரின் குழாய் இறங்குவதும் ஏறத்தாழ அதே ஆழத்துக்குத்தான். அதுபோலவே, மண்ணிலுள்ள யுரேனியம் எவரும் தூண்டாமல் தானாகவே மிக அரிதாகப் பிளவுபடுவதனால் செனன்-133உம் இயற்கையாகவே சிறிதளவு உண்டு. இவை போதாதென்று, மருத்துவ மனைகளுக்கான சமதானிகளைத் தயாரிக்கும் தொழிற்சாலைகளும் செனனை ஆகாயத்தில் விடுகின்றன.

ஆகவே குண்டைத் தேடுகிறவர், குண்டு வெடிக்காத மண்ணின் கணக்கை முதலில் கையில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். இதற்கு வன்னியை விட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. பூநகரியிலிருந்து பரந்தன் வரையான வடபகுதியின் அடியில் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லின் தொடர்ச்சி கிடக்கிறது. பொன்னாவெளியில் அண்மைக் காலத்தில் மக்கள் எதிர்த்துப் போராடியது இந்தச் சுண்ணக்கல்லை அகழும் முயற்சியையே. சுண்ணக்கல் என்றாலே கல்சியம். தெற்கே மாங்குளம், வவுனியா, நெடுங்கேணிப் பக்கம் போனால் பழைமையான கருங்கற் பாறைகள். புவிச்சரிதவியலாளர்கள் இலங்கையின் தொல்பாறைகளை வகுத்தபோது அவற்றுள் ஒன்றுக்கு 'வன்னித் தொகுதி' என்றே பெயரிட்டார்கள். அரசியல் வரைபடத்தில் எத்தனையோ தடவை அழித்து எழுதப்பட்ட ஒரு பெயர், உலகப் புவிச்சரித நூல்களில் கல்லிலேயே பதிந்திருக்கிறது. ஒரே மழை, ஒரே வெயில், ஒரே அண்டக் கதிர். எனினும் பூநகரி மண்ணின் இயற்கை ஆகனும் நெடுங்கேணி மண்ணின் இயற்கை ஆகனும் ஒன்றாயிருக்க நியாயமில்லை. ஓரிடத்தின் கணக்கைக் கொண்டு மற்றோரிடத்தில் தீர்ப்புச் சொல்வது தவறாகிவிடும்.

கிழக்குக் கரையின் கதை வேறு. முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்கிளாய் என்று இறங்கி, முகத்துவாரத்தைக் கடந்தால் புல்மோட்டை. அங்கிருக்கும் கறுத்த மணலில் ஏறத்தாழ 70 வீதம் இல்மனைற். உரூற்றைலும் சேர்க்கோனும் அடுத்தவை. ஒரு வீதத்துக்கும் குறைவாக மொனசைற்றும் உண்டு. அந்த மொனசைற்றில்தான் தோரியம் இருக்கிறது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் கிடப்பதன் தங்கை மணல் இது. கரைக்கு அப்பால் அக்காவின் மணலுக்காக 1946இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் ஏற்றுமதித் தடை விதித்தது, சுதந்திர இந்தியா 1950இல் தனி நிறுவனமே அமைத்தது. இக்கரையில் 1957இல் இலங்கைக் கனிப்பொருள் மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது.

தோரியம் என்றவுடன் அஞ்சுகிறவர்களுக்கு ஒரு சொல். மனிதர் ஒவ்வொருவரும் இயற்கையிலிருந்து ஆண்டுதோறும் பெறும் கதிர்ப்பின் உலகச் சராசரி 2.4 மில்லிசீவேட் என்று ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் குழு கணித்திருக்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி றேடனும் தோரனும் தருவது. கேரளத்துக் கருநாகப்பள்ளியில், இதனிலும் பலமடங்கு கதிர்ப்புள்ள மணலில் வாழும் ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. கதிர்ப்பினால் புற்றுநோய் கூடியதாக அதில் காணப்படவில்லை. தோரனின் ஆயுளும் மிகக் குறுகியது. 56 செக்கன்களுக்குள் அது பாதியாகிவிடுகிறது. மேல்மண்ணின் சில அங்குலங்களிலிருந்து மட்டுமே அதனால் வெளியேற முடியும். கொக்கிளாய் மக்களின் கவலை கதிர்ப்பு அல்ல, காணி. 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்க் கிராமங்களிலிருந்து தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்த பின்னர் திரும்பியவர்கள், தங்கள் கரைவலைப் பாடுகளையும் காணிகளையும் பிறரிடமும், மணல் அகழ்வுக்கான அளவைக் கற்களிடமும் கண்டார்கள்.

போர்க்காலத்திலும் இந்த மணல் செய்தியாயிற்று. 1997 செப்டெம்பரில், புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைற் ஏற்றிக்கொண்டிருந்த 'கோர்டியாலிற்றி' என்ற கப்பலைக் கடற்புலிகள் தாக்கினார்கள். சீனக் கப்பலோட்டிகள் சிலர் உயிரிழந்தார்கள். ஜயசிக்குறு செய்திகளுக்கிடையே அதுவும் ஒரு நாள் முதற்பக்கத்தில் வந்து போனது. மூன்று தசாப்தங்களுக்கு அண்மித்த காலம் வன்னி மண்ணைத் தோண்டியவர்கள் பதுங்குகுழி வெட்டியவர்களும் கண்ணிவெடி புதைத்தவர்களும்தான். துளையிட்டுக் காற்றை எடுத்துப் பார்க்க வருபவர்களுக்கான காலமாக அது இருக்கவில்லை.

விரிவான அணுப் பரிசோதனைத் தடை உடன்படிக்கை 1996இல் கைச்சாத்துக்காகத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் இலங்கை ஒப்பமிட்டது. அதனை ஏற்புறுதி செய்ய 2023 ஜூலை வரை, 27 ஆண்டுகள், எடுத்தது. இந்தியாவும் பாகிஸ்தானும் வடகொரியாவும் ஒப்பமிடவே இல்லை. ஒப்பமிட்ட அமெரிக்காவும் சீனாவும் ஏற்புறுதி செய்யவில்லை. ஏற்புறுதி செய்திருந்த ரஷ்யா 2023 நவம்பரில் அதனை மீளப்பெற்றுக்கொண்டது. இதனால் உடன்படிக்கை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அதன் செவிகள் விழித்திருக்கின்றன. உலகெங்கும் 321 நிலையங்களும் 16 ஆய்வுகூடங்களும் கொண்ட வலையமைப்பு அது. அதில் 80 நிலையங்கள் காற்றிலுள்ள கதிர்த்துகள்களைத் தேடுபவை, அவற்றுள் 40இல் செனனையும் பிடிக்கும் ஏற்பாடு. கண்டிக்கு அருகே பல்லேகலையிலுள்ள நில அதிர்வு நிலையமும் இந்த வலையமைப்பின் துணை நிலையங்களுள் ஒன்று. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவின் பெரும் அதிர்வை இந்தச் செவிகளும் கேட்டன. கேட்டதைக் கரையோர மக்களுக்கான எச்சரிக்கையாக மாற்றும் ஒழுங்கு அன்று இருக்கவில்லை. முல்லைத்தீவு அழிந்தது. அதன் பின்னரே சுனாமி எச்சரிக்கை நிலையங்களுக்குத் தரவுகளை உடனுக்குடன் வழங்கும் ஏற்பாடு வந்தது. குண்டைக் கேட்கப் போட்ட செவி கடலையும் கேட்க வேண்டும் என்பதை உணர்த்த அத்தனை உயிர்கள் வேண்டியிருந்தன.

உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தால், ஐயத்துக்குரிய இடத்துக்கே பரிசோதகர்கள் நேரிற் செல்லலாம். செல்வதற்கு 51 நாடுகள் கொண்ட நிறைவேற்றுச் சபையில் குறைந்தது 30 நாடுகள் சம்மதிக்க வேண்டும். 40 பேர் வரை போகலாம். நீடிப்புகளோடு 130 நாட்கள் வரை தங்கலாம். தேடக்கூடிய நிலப்பரப்பு 1,000 சதுரக் கிலோமீற்றருக்கு மேற்படலாகாது. கிளிநொச்சி மாவட்டம் 1,279 சதுரக் கிலோமீற்றர். ஆகவே ஒரு மாவட்டத்தைக்கூட முழுமையாகத் தேட முடியாது. 2014இல் ஜோர்தானில், சாக்கடலை அண்டிய பாலைநிலத்தில் இதற்கான பெரும் ஒத்திகை நடந்தது. அத்தகைய தேடலில் தார்ப்பாய் விரித்து, குழாய் இறக்கி, மண்வாயுவை உறிஞ்சி எடுக்கிறார்கள். வெளிக்காற்று உள்ளே கலந்துவிட்டதா என்பதை அறிய உதவுவது எது தெரியுமா? றேடன். மண்ணுக்குள் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருப்பதால், மாதிரியில் றேடன் குறைந்தால் அது மண்ணின் மூச்சல்ல என்று கண்டுகொள்கிறார்கள். ஆகன், செனன் அளவீட்டுக்கு இடைஞ்சலான அதே றேடன், மாதிரிக்கு நற்சான்றும் கொடுக்கிறது.

கடைசியாக ஒன்று. ஆகன்-37ஐ உண்டாக்கும் அதே அண்டக் கதிர்தான், மேலே வளிமண்டலத்தில் நைதரசனைத் தாக்கிக் காபன்-14ஐ உண்டாக்குகிறது. 2018இல் மன்னார் நகரில் சதொச வளாகத்தில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தபோது, சில மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டன. 2019 மார்ச்சில் வந்த முடிவு, அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பலரால் அதனை ஏற்க முடியவில்லை. அவர்களுடைய ஐயத்தை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. மாதிரியை எடுத்தவர் யார், அது எவ்வழியாகப் போனது, எத்தனை எலும்புகளுக்காக எத்தனை மாதிரிகள் பேசின என்ற கேள்விகள் நியாயமானவை. நிலக்கீழ்க் குண்டைத் தேடுபவர்களும் ஒவ்வொரு போத்தல் வாயுவுக்கும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில், குடிநீர்க் குழாய்க்காக மண்ணை வெட்டியபோது மீண்டும் எலும்புகள் வெளிவந்தன. அண்மைக்கால மரணங்களுக்கு வழமையான காபன் கணிப்பு உதவாது, அதன் அளவுகோல் நூற்றாண்டுகளுக்கானது. ஆனால் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் ஆகாயத்தில் வெடித்த குண்டுகள், வளிமண்டலத்தின் காபன்-14ஐ ஏறத்தாழ இருமடங்காக்கின. 1963 அளவில் உச்சத்தைத் தொட்ட அது, அன்றிலிருந்து ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறது. அந்தச் சரிவே ஒரு நாட்காட்டி. பல்லின் மிளிரி உருவாகும் வயதில் உடலுக்குள் போன காபன் பின்னர் மாறுவதில்லை. அதைக் கொண்டு ஒருவர் பிறந்த ஆண்டை ஓரிரு ஆண்டு வித்தியாசத்தில் கணிக்கலாம் என்று 2005இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நெல்லும் மீனும் தின்று முல்லைத்தீவில் வளர்ந்த பிள்ளையின் பல்லிலும், வடதுருவத்தை அண்டிய நோவாயா செம்லியாவில் வெடித்த குண்டின் காபன் உண்டு. அது எந்த ஆண்டுக்குரியது என்று சொல்வதற்கு, அந்த ஆண்டு காற்றில் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு ஆண்டுவாரியாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.